எந்தக் கம்பெனி பேரோல்ல போறீங்க தம்பி?

வாசகர் கேள்வி – பதில்

(ஓசூர்ல 22 வருஷம் ஹெச்.ஆர் வேலை பாத்துட்டு இப்போ கிருஷ்ணகிரில வீட்டோட இருக்கற ஆளு பதில் சொல்றேன். வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல, அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.)

கேள்வி: சார், ஓசூர் சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில 9 வருஷமா ப்ராசஸ் இன்ஜினியரா இருக்கேன், வயசு 36. ஹெட் ஆபீஸ் ஜெர்மனில. ஸ்டுட்கார்ட் பக்கத்துல இருக்கற ப்ளாண்ட்டுக்கு ரெண்டு வருஷம் போகச் சொல்றாங்க. மாசம் 4,500 யூரோன்னு ஹெச்.ஆர் மேடம் வாய்வார்த்தையா சொன்னாங்க, அக்டோபர் 6 அங்க ஜாயின் பண்ணணுமாம், இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். ரெண்டு வருஷம் முடிக்காம வந்தா 8 லட்சம் கட்டணும்னு பாண்டு வேற. வொய்ஃப் ப்ரைவேட் ஸ்கூல் டீச்சர், பையன் நாலாவது படிக்கறான், அம்மா பாலக்கோட்டுல தனியா இருக்காங்க. யூரோ நூறு ரூபான்னு வெச்சாலும் நாலரை லட்சம் வருதே, இதுக்கு மேல என்ன கேக்கறதுன்னும் தெரியல, கேட்டா வேற ஆளை அனுப்பிடுவாங்களோன்னு பயமாவும் இருக்கு. என்ன பண்ணட்டும்?
– பேர் வேணாம், ஓசூர்

பதில்: தம்பி, மொதல்ல நூறால பெருக்கறதை நிறுத்துங்க. அங்க வெண்டைக்காயும் யூரோல தான் விக்குது. 4,500ங்கறது பிடித்தம் போகறதுக்கு முன்னாடி. நீங்க அங்கத்து சம்பளக்காரரா சேர்ந்தா பென்ஷனுக்கு 9.3 பர்சென்ட், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு எட்டரை பர்சென்ட் பக்கம், அப்புறம் வேலை போனா கைகொடுக்கற இன்சூரன்ஸ், முதியோர் பராமரிப்பு இன்சூரன்ஸ்னு அஞ்சுல ஒரு பங்கு போயிடும், அதுக்கப்புறம் தான் வருமான வரியே ஆரம்பிக்கும். இதுல ஒரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல, உங்க வீட்டம்மா அங்க வந்து உங்களோட ஒரே அட்ரஸ்ல பதிவு ஆனா நீங்க மூணாம் வரி வகுப்பு கேட்டு வாங்கலாம், அவங்க ஓசூர்லயே இருந்துட்டா கல்யாணம் ஆகாத ஆளு மாதிரி ஒண்ணாம் வகுப்பு தான், கைக்கு வர்றதுல மாசம் 300 யூரோவுக்கு மேல வித்தியாசம் அடிக்கும். எப்படிப் பாத்தாலும் கையில நிக்கறது மூவாயிரத்தை ஒட்டித்தான், ஸ்டுட்கார்ட் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீட்டு வாடகைக்கே அதுல 1,200, 1,500னு போயிடும். மோசமான சம்பளம்னு சொல்ல வரல, நாலரை லட்சம்னு மனசுல கட்டின கோட்டையை மட்டும் இடிச்சுட்டு உக்காருங்க.

இப்போ மேடம் சொல்லாம விட்டதும் நீங்க கேக்காம விட்டதும் ஒண்ணு இருக்கு. போறது யாரோட பேரோல்ல, அதாவது எந்தக் கம்பெனியோட சம்பளப் பட்டியல்ல? மத்த எல்லாமே இதுல தான் தொங்குது. ஓசூர் பேரோல்லயே இருந்துக்கிட்டு டெபுடேஷன்ல போறது ஒரு வழி. இங்க ரிசைன் பண்ணிட்டு ஜெர்மன் கம்பெனியோட லோக்கல் கான்ட்ராக்ட்ல சேர்றது இன்னொரு வழி. டெபுடேஷன்னா பெரும்பாலும் ஐசிடி கார்டுல அனுப்புவாங்க, ஒரே குரூப் கம்பெனிக்குள்ள ஆளை மாத்தறதுக்குன்னே இருக்கற பர்மிட் அது, அதிகபட்சம் 3 வருஷம். உங்க பிஎஃப் இங்கயே ஓடும், ஏன்னா இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒண்ணு 2017 மே மாசத்துல இருந்து நடைமுறைல இருக்கு, பிஎஃப் ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டுப் போனா 48 மாசம் வரைக்கும் அங்க பென்ஷனுக்குப் பிடிக்க மாட்டாங்க. அதை கம்பெனி தான் அப்ளை பண்ணணும், பண்ணிட்டாங்களான்னு நீங்க தான் நச்சரிக்கணும். ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் தனிக் கதை, யாரு கட்டுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. கிராஜுவிட்டிக்கு உங்க 9 வருஷ சர்வீஸும் அறுபடாம ஓடும்.

லோக்கல் கான்ட்ராக்ட்னா ப்ளூ கார்டு வரும், படிச்சுட்டு வேலைக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கற பர்மிட் அது. அதுக்குப் பொதுவா கேக்கற குறைஞ்சபட்ச வருஷ சம்பளம் 2025ல 48,300 யூரோவா இருந்தது, 2026ல 50,700. உங்களுது பன்னண்டால பெருக்கினா 54,000, தாண்டிடுது. ப்ளூ கார்டுல பொண்டாட்டி ஜெர்மன் பாஷை பரீட்சை எழுதாமலே வரலாம், வந்த உடனே வேலைக்கும் போலாம், நீங்க பி1ங்கற நடு அளவுக்கு ஜெர்மன் கத்துக்கிட்டா 21 மாசத்துல நிரந்தரக் குடியிருப்புக்கே அப்ளை பண்ணலாம். ஆனா ஓசூர்ல சர்வீஸ் அன்னிக்கே முடிஞ்சுடும், செட்டில்மென்ட் கையில கொடுத்து அனுப்பிடுவாங்க. அங்க ஆறு மாசம் வரைக்கும் ப்ரொபேஷன் போடலாம், அந்த நேரத்துல ரெண்டு வார நோட்டீஸ்ல கழட்டி விடவும் முடியும், 9 வருஷம் தேய்ஞ்ச ஆளுக்கு எதுக்குங்க ப்ரொபேஷன், அதை எடுக்கச் சொல்லிக் கேட்டா எடுப்பாங்க. அம்மா இங்க, ரெண்டு வருஷத்துல திரும்பணும்னா என் ஓட்டு டெபுடேஷனுக்கு. அங்கயே தங்கிடலாம்னு ஒரு மூலையில ஆசை இருந்தா லோக்கல். இதை ஹெச்.ஆர் கிட்ட பேசறதுக்கு முன்னாடி வீட்டம்மா கிட்ட பேசிடுங்க, பல பேர் தலைகீழா பண்ணிட்டு அப்புறம் ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கறாங்க.

சம்பளத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்த ப்ளாண்ட்டு தொழிற்சங்க டாரிஃப்ல, அதாவது யூனியன் போட்ட சம்பள ஒப்பந்தத்துல இருக்கா, இருந்தா என் வேலை எந்த க்ரேடு? ஸ்டுட்கார்ட் பக்கம் மெட்டல் கம்பெனிங்கள்ல ஐஜி மெட்டல்னு பெரிய யூனியன், அவங்க போட்ட ஒப்பந்தத்துல ஈஜி 1ல இருந்து ஈஜி 17 வரைக்கும் சம்பளப் படி இருக்கு, வாரத்துக்கு 35 மணி நேர வேலை, வருஷத்துக்கு 30 நாள் லீவு. அந்த அட்டவணை ஒளிவு மறைவு இல்லாம எல்லாரும் பாக்கற மாதிரி தான் இருக்கு. இன்னும் 500 கொடுங்கன்னு கேட்டா அது கெஞ்சல், பக்கத்து சீட்டு ஜெர்மன்காரன் எந்த க்ரேடோ எனக்கும் அதே க்ரேடுன்னு கேட்டா அது கணக்கு. டெபுடேஷன்ல போனாலும் அங்கத்து ஆளுக்குக் குறைஞ்ச சம்பளம் கொடுக்கக் கூடாதுங்கறது தான் அவங்க விதி.

அடுத்தது தேதி. அக்டோபர் 6 வேணாம் தம்பி. நம்ம வருமான வரிக்கு ஏப்ரல் 1ல இருந்து கணக்கு, வேலைக்காக வெளிநாடு போறவரு அந்த வருஷத்துல 182 நாளுக்குக் கம்மியா இந்தியால இருந்தா தான் என்ஆர்ஐ. விரலை மடக்கி எண்ணிப் பாருங்க, செப்டம்பர் 28 ராத்திரிக்குள்ள ஃப்ளைட் ஏறினா 181 நாள், தப்பிச்சீங்க. அக்டோபர்ல ஏறினா அந்த வருஷம் பூரா நீங்க இந்தியால குடியிருக்கறவர், ஜெர்மன் சம்பளத்தையும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும், அங்க கட்டின வரிக்குக் கழிவு கிடைக்கும் தான், ஆனா அங்க வரி கம்மியா பிடிச்சிருந்தா மிச்சத்தை இங்க கேப்பாங்க. பத்து நாள் முன்னாடி போறதுக்கு கம்பெனிக்குப் பைசா செலவில்ல, விசா சீக்கிரம் போட்டா போதும். இன்னொரு லாபமும் இருக்கு, ஸ்டுட்கார்ட் இருக்கற மாநிலத்துல ஸ்கூல் திறக்கறது செப்டம்பர் நடுவுல.

ஸ்கூல்னு வந்ததால சொல்றேன், உங்க பையன் நாலாவதுங்கறது தான் எனக்கு உறுத்துது. அங்க ஆரம்பப் பள்ளி நாலாவதோட முடியுது, அதுக்கப்புறம் எந்த மாதிரி ஸ்கூலுக்குப் போகணும்னு பசங்களைப் பிரிச்சுடுவாங்க. பாஷையே தெரியாத பையன் கரெக்டா அந்த முச்சந்தில போய் நிக்கறான். புதுசா வர்ற பசங்களுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கற தனி வகுப்பு அரசுப் பள்ளில உண்டு, ஃபீஸும் இல்ல. இன்டர்நேஷனல் ஸ்கூல்னா வருஷத்துக்கு 10,000 யூரோவுக்கு மேல, அதை உங்க பையில இருந்து கட்ட முடியாது, கம்பெனி கட்டுமான்னு கேளுங்க. முடியாதுன்னு தான் மொதல்ல சொல்லுவாங்க, அப்போ பையனுக்கும் வீட்டம்மாவுக்கும் இப்பவே ஜெர்மன் ட்யூஷன் போட்டுக் கொடுங்கன்னு இறங்கி வாங்க, பெங்களூர் கத்தே இன்ஸ்டிட்யூட் ஓசூர்ல இருந்து ஒண்ணும் தூரமில்ல. திரும்பி வரும்போது அவன் ஆறாவது, தமிழ் எழுத மறந்திருப்பான், இங்க பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம், அதையும் யோசிங்க.

வீட்டு விஷயத்துல நான் பட்டது ஒண்ணு சொல்றேன். எங்க கம்பெனி என்னை ஐரோப்பால ஒரு சிஸ்டர் ப்ளாண்ட்டுக்கு 18 மாசம் அனுப்பிச்சுது, லெட்டர்ல ஒரு மாசம் கெஸ்ட் ஹவுஸ்னு போட்டிருந்தது, நானும் தாராளம்னு நினைச்சேன். வீடு பாக்கப் போனா கிச்சன்னு ஒரு ரூமைக் காட்டறாங்க, அடுப்பு இல்ல, சிங்க் இல்ல, செல்ஃப் இல்ல, சுவத்துல இருந்து ரெண்டு குழாய் மட்டும் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. முன்னாடி இருந்தவர் கிச்சனையே கழட்டி வண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாராம்! ஜெர்மனிலயும் நிறைய வீடு இதே கதை தான், அது போக அட்வான்ஸா மூணு மாச வாடகை வரைக்கும் கேக்கலாம். அதனால தங்கறதுக்கு மூணு மாசம் ஃபர்னிஷ் பண்ண இடம், வீடு தேடிக் கொடுக்க ஒரு ஏஜென்சி, அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடன், மூணையும் சேர்த்துக் கேளுங்க. ஹெச்.ஆர்ல இருந்தவன் சொல்றேன், சம்பளத்தை ஏத்தறதுக்கு நாங்க நாலு பேர் கிட்ட கையெழுத்து வாங்கணும், இதெல்லாம் எங்க மேனேஜரே போட்டுக் கொடுத்துடுவார்.

அதே பயணத்துல இன்னொண்ணும் பட்டேன், இது தான் பெரிசு. திரும்பி வந்தா தகுந்த பதவி தரப்படும்னு லெட்டர்ல ஒரு வரி இருந்தது. தகுந்தங்கறது யாருக்குத் தகுந்ததுன்னு நான் கேக்கல. வந்து பாத்தா என் சீட்டுல நானே இன்டர்வியூ பண்ணி எடுத்த பையன் உக்காந்திருக்கான், எனக்குக் கேன்டீன் சுவரை ஒட்டி ஒரு ரூம் போட்டாங்க, காலைல பதினோரு மணில இருந்து சாம்பார் வாசனை, வேலை மட்டும் வரல. ஏழு மாசம் அப்படி உக்காந்தேன். அதனால திரும்பி வந்தா எந்த க்ரேடு, இப்போ இருக்கறதுக்குக் குறையாதுன்னு ஒரு வரி, அங்க இருக்கற ரெண்டு வருஷமும் உங்க இந்திய சம்பளத்துக்கு வருஷா வருஷம் காகிதத்துல இன்க்ரிமென்ட் ஓடிக்கிட்டே இருக்கும்னு ஒரு வரி, ரெண்டும் வேணும். இல்லன்னா 2 வருஷம் கழிச்சு பழைய சம்பளத்துல வந்து விழுவீங்க.

பாண்டுக்குப் பயப்படாதீங்க, ஆனா இருக்கற மாதிரியே கையெழுத்தும் போடாதீங்க. 8 லட்சத்தை 24 மாசத்துக்குப் பிரிச்சு மாசம் 33 ஆயிரத்துச் சொச்சம் கழிஞ்சுக்கிட்டே வரணும், கம்பெனியா கூப்பிட்டுக்கிட்டாலோ ப்ளாண்ட்டே மூடினாலோ நான் ஒரு பைசா கட்ட மாட்டேன், திரும்பி வர்ற டிக்கெட்டும் சாமான் அனுப்பற செலவும் கம்பெனியோடது. அம்மாவுக்கு முடியாமப் போயி பாதில வரவேண்டி இருந்தா அதுக்கும் விலக்கு கேளுங்க. அவசர டிக்கெட்டுங்கற இடத்துல குடும்பம்னா மனைவி குழந்தைங்கன்னு தான் பாலிசில எழுதியிருக்கும், பெத்தவங்க அதுல வர மாட்டாங்க, யாரும் படிக்க மாட்டாங்க, ஒரு ராத்திரி பாலக்கோட்டுல இருந்து ஃபோன் வரும்போது தான் தெரியும். தாயார்னு ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லுங்க.

கேட்டா வேற ஆளை அனுப்பிடுவாங்களான்னு பயப்படறீங்க. அவங்களுக்கு அந்த லைனைத் தெரிஞ்ச ஆளு தான் வேணும், அதனால தான் உங்களைக் கூப்பிட்டாங்க. மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுப் பேரம் பேசற மாதிரி ஃபோன்ல முணுமுணுக்காம, மெயில்ல போக விருப்பம் இருக்குன்னு மொத வரில எழுதிட்டு, இந்த இந்த விஷயம் தெளிவா எழுத்துல வந்தா வெள்ளிக்கிழமையே கையெழுத்து போடறேன்னு முடிங்க. எல்லாத்தையும் ஒரே மெயில்ல. தினம் ஒண்ணா கேட்டா தான் எங்களுக்கு எரிச்சல் வரும்.

கேள்வி: ஐயா, என் பையன் ஒம்போதாவதோட நின்னுட்டான், வெல்டிங் தெரியும். துபாய்ல வேலை இருக்கு, 1 லட்சத்து 60 ஆயிரம் கொடுங்க, விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். ரெண்டு பவுன் வெச்சு அனுப்பலாம்னு இருக்கோம். சம்பளம் 2,000 திர்ஹாமாம். நம்பலாமா?
– ஒரு அம்மா, பென்னாகரம்

பதில்: அம்மா, நகையை எடுத்து பீரோல வைங்க. பத்தாவது பாஸ் பண்ணாத பையனோட பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் பாஸ்போர்ட்டா இருக்கும், அதுல துபாய் மாதிரி வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்தோட குடிபெயர்வு அனுமதி வாங்கணும். அந்த அனுமதி இ-மைக்ரேட்னு ஒரு சிஸ்டம் வழியா தான் வரும், அதுல போனா முதலாளி யாரு, சம்பளம் எவ்வளவுன்னு காகிதம் பதிவாகும், 10 லட்ச ரூபா இன்சூரன்ஸும் சேர்ந்து வரும். விசிட் விசால அனுப்பறவரு இதை எல்லாம் தாண்டிக் குதிக்கத் தான் அனுப்பறார். அங்க போயி விசாவை மாத்தாம நாள் தாண்டித் தங்கிட்டா நாள் கணக்குல அபராதம், முதலாளி சம்பளம் தரலன்னா எங்க போய் நிப்பான் பையன்?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கற சர்வீஸ் சார்ஜுக்கு நம்ம சட்டம் வெச்ச உச்சவரம்பு 30,000 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி மட்டும். அமீரக சட்டப்படி ஆளெடுக்கற செலவைத் தொழிலாளி தலைல கட்டவே கூடாது, முதலாளி தான் பாத்துக்கணும். அப்போ 1 லட்சத்து 60 ஆயிரம் எதுக்குன்னு அவரைக் கேளுங்க, ரசீது கொடுப்பீங்களான்னும் கேளுங்க, முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். தமிழ்நாடு அரசுக்கே 1978ல இருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒண்ணு சென்னைல இருக்கு, வெல்டர், ஃபிட்டருக்கெல்லாம் அங்க அறிவிப்பு வரும், பையனைப் பதிவு பண்ணச் சொல்லுங்க.

சரியான வழில ஆஃபர் வந்தாலும் 2,000ங்கற மொத்தத்தைப் பாக்காதீங்க, அதுல பேசிக் எவ்வளவுன்னு பாருங்க. அங்க வேலையை விட்டு வரும்போது கொடுக்கற பணம் பேசிக் மேல தான், மொத அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதுக்கப்புறம் 30 நாள். 2,000ல பேசிக் 800னு எழுதிட்டு மிச்சத்தை அலவன்ஸுன்னு போட்டா அந்தக் காசு பாதிக்கும் கீழ போயிடும். தங்கற இடம், சாப்பாடு, ஓவர்டைம் மூணும் யாரு பொறுப்புன்னு எழுதியிருக்கணும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சுக்கறது அங்கயும் சட்டப்படி தப்பு தான், பையன் கிட்ட சொல்லி அனுப்புங்க.

கேள்வி: சிங்கப்பூர் கம்பெனில வேலை கிடைச்சு அடுத்த மாசம் போறேன். நாலு வருஷம் சம்பாதிச்சு காவேரிப்பட்டணம் பக்கம் ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு வாங்கணும்னு ஆசை. லோன் எல்லாம் அங்க இருந்தே போட முடியுமா சார்?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: லோனை விடுங்க, தோப்பே வாங்க முடியாது. என்ஆர்ஐ ஆயிட்டா இந்தியால வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது, ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டத்தோட விதி. அப்பா தாத்தா சொத்தா வந்தா வெச்சுக்கலாம். போறதுக்கு முன்னாடி, இங்க குடியிருக்கற ஆளா இருக்கும்போதே வாங்கினதையும் வெச்சுக்கலாம், தப்பில்ல. அதனால கையில கொஞ்சம் இருந்தா இந்த மாசமே ஒரு ஏக்கராவது பாருங்க, இல்ல அப்பா பேர்ல அப்பா வாங்கட்டும், நீங்க பணம் அனுப்புங்க, ஆனா கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களும் வாரிசு தாங்கறதை இப்பவே பேசிக்கங்க, பின்னாடி பெங்களூரா மாங்கா அறுக்கற நேரத்துல பஞ்சாயத்து வேணாம். அப்புறம் உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐக்கான அக்கவுண்ட்டா மாத்தணும், ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி பேங்க்ல ஃபாரம் வாங்கி வெச்சுக்கங்க.